மேற்படி

திருவண்ணாமலை கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து ராஜகோபுரத்தைப் பார்ப்பார்கள். நியாயம்தான். பதினோரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்து, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்துவைத்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு நேராகச் சன்னிதிக்குப் போய்விடுவார்கள். நடுவில் சுவர் என்று ஒன்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

சுவரில்தான் விஷயம் இருக்கிறது. சோழர், காடவர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று பல நூற்றாண்டுகளின் கணக்கு வழக்குகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார்கள், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய், யார் அளக்க வேண்டும், வரி உண்டா இல்லையா? இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். கூரை மட்டும் இல்லை.

1902-ல் கல்வெட்டுத் துறையினர் இங்கே வந்து அந்தச் சுவர்களைப் படியெடுத்தார்கள். எடுக்கும் முறை எளிமையானது, ஆனால் முழங்கை வலிக்கும். முதலில் கல்லை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷ்ஷாலேயே அடிக்க வேண்டும். பிறகு மையில் தோய்த்த துணிப்பொட்டணத்தால் ஒற்றினால் மேடான இடமெல்லாம் கறுப்பாகும். எழுத்து பள்ளத்தில் இருப்பதால் மை படாமல் வெள்ளையாக நிற்கும். உலர்ந்ததும் உரித்தெடுத்தால், அதே அளவில், அதே பிசிறுகளோடு சுவர் கையில் இருக்கும். இதற்கு மைப்படி என்று பெயர். திருவண்ணாமலைக் கல்வெட்டுகளின் வாசகங்கள் 1937-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் அச்சாயின.

படி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏறுவதும் படி, அளப்பதும் படி, வாசிப்பதும் படி. நகல் என்பது அரபியிலிருந்து உருது வழியாக வந்து நம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்துகொண்ட சொல். அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தது படிதான். பழைய கோயிலை இடித்துக் கட்டும்போது, பழைய கல்வெட்டைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டி, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று ஒரு குறிப்பும் போட்டுவைப்பது சோழர் கால வழக்கம். கும்பகோணம் பக்கத்தில் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி கட்டிய கோயிலில் இப்படிப்பட்ட படிகள் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 'ட்ரூ காப்பி' சீல்!

இந்தப் படியைத் தந்திக் கம்பியில் அனுப்ப முடியுமா என்று ஒருவர் யோசித்ததன் விளைவுதான் ஃபாக்ஸ். அந்தச் சொல்லே ஃபாக்சிமிலி என்பதன் சுருக்கம். அது லத்தீன். 'அதேபோலச் செய்' என்று அர்த்தம். படியெடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வோம்.

ஃபாக்ஸ் டெலிபோனுக்குப் பிறகு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. டெலிபோனுக்கு பேடன்ட் வாங்கியது 1876-ல். ஸ்காட்லாந்துக்காரக் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் பெய்ன், இரண்டு ஊர்களில் இரண்டு ஊசல்களை ஒரே தாளத்தில் ஆடவிட்டு உருவத்தை வரிவரியாகக் கம்பியில் அனுப்பலாம் என்று பேடன்ட் வாங்கியது 1843-ல். 33 வருஷம் முந்தி. ஜியோவானி காசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார் அந்த யோசனையை ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு யந்திரமாக்கினார். மூன்றாம் நெப்போலியன் ஆதரவில் 1865-ல் பாரீஸிலிருந்து லியோனுக்குப் பொதுமக்கள் சேவை தொடங்கியது. அதன் முக்கியமான உபயோகம் என்ன தெரியுமா? காதல் கடிதம் இல்லை, பாங்க் கையெழுத்தைச் சரிபார்ப்பது. படி என்றாலே பணமும் நிலமும் பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

அதற்குப் பிறகு நூறு வருஷம் இது பத்திரிகை ஆபீஸ்களுக்கும் வானிலைக்காரர்களுக்கும் உரிய பொருளாக இருந்தது. 1966-ல் ஜெராக்ஸ் கம்பெனி, சாதாரண டெலிபோனோடு இணைக்கும்படி ஒரு 'டெலிகாப்பியர்' விற்றது. ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிஷம். அதுவரை பையன் டீ வாங்கி வந்துவிடுவான்.

நம் பக்கத்துக்கு ஃபாக்ஸ் வந்தபோது அதற்கு வேறொரு மகிமை இருந்தது. தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். 'ஃபாதர் சீரியஸ்' என்று வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஆங்கிலம் படித்தவர் வீடு எங்கே என்று தெருவில் ஓடிய தலைமுறை இன்னும் இருக்கிறது. டெலக்ஸுக்கும் ரோமன் எழுத்துதான் தெரியும். ஃபாக்ஸுக்கு எழுத்தே தெரியாது. அதனால் அதற்கு எல்லா எழுத்தும் ஒன்று. கணக்குப்பிள்ளையின் கோழிக்கிறுக்கலோ தாத்தாவின் நடுங்கும் கையெழுத்தோ, அப்படியே போய்ச் சேரும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை வைத்துக்கொண்டு டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டிய ஜப்பான்காரர்கள் ஃபாக்ஸை விழுந்து விழுந்து வளர்த்ததற்கும் இதுதான் காரணம்.

திருவண்ணாமலை 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதையொட்டி வந்த பத்து வருஷம்தான் தமிழ்நாட்டில் ஃபாக்ஸின் பொற்காலம். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று மஞ்சள் போர்டு போட்ட கடைகளில் 'ஃபாக்ஸ்' என்று நாலாவதாக ஒரு வார்த்தை சேர்ந்தது. வெளிநாட்டு பக்தர்கள் மாதக்கணக்கில் தங்கும் ஊருக்கு அது அலங்காரமில்லை, அவசியம். காகிதத்தைக் கொடுத்தால் கடைக்காரர் உள்ளே செருகுவார். கீ... கர்ர்... என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

மெஷின் காகிதத்தைப் படிப்பதில்லை, புள்ளி வைக்கிறது. குறுக்கே ஒரு வரியில் 1,728 புள்ளிகள். ஏ-4 காகிதத்தில் மேலிருந்து கீழே சுமார் 1,140 வரிகள். பெருக்கினால் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெளுப்பா என்று ஒரே கேள்வி, ஒரே பதில். நொடிக்கு 4,800 பதில்கள் போகும் போன் லைனில் இதை அப்படியே அனுப்பினால் ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிஷம் ஆகும். எஸ்.டி.டி. மீட்டர் ஓடுகிறது. கடைக்காரர் சந்தோஷப்படுவார், கஸ்டமர் படமாட்டார்.

இதை ஒரு நிமிஷத்துக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி?

வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். மார்கழி மாதம் பத்திரிகையில் கோலம் போடும்போது கீழே எப்படிக் குறிப்பு வரும்? '15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி.' அவ்வளவுதான். 225 புள்ளிகளையும் புள்ளி, புள்ளி, புள்ளி என்று யாரும் அச்சடிப்பதில்லை. ஃபாக்ஸும் இதையே செய்கிறது. 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று சொல்லாமல் 'வெள்ளை 200, கறுப்பு 3, வெள்ளை 20, கறுப்பு 3' என்று நீளத்தை மட்டும் சொல்கிறது. காகிதத்தில் பெரும்பகுதி வெறும் இடம்தானே! எழுத்து இல்லாத ஒரு முழு வரியை 'வெள்ளை 1,728' என்று முடித்துவிடலாம்.

இது பாதி வேலை. அந்த எண்களை எப்படி எழுதுவது என்பது மீதி வேலை. எல்லா எண்ணுக்கும் ஒரே நீளத்தில் குறியீடு கொடுத்தால் நஷ்டம். அடிக்கடி வருவதற்குக் குட்டையாகவும், எப்போதாவது வருவதற்கு நெட்டையாகவும் கொடுக்க வேண்டும்.

இந்தத் தந்திரமும் நமக்குப் புதிதில்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். ௵, ௴, ௳ என்று மூன்று சுழிகள் இருக்கும். வருஷம், மாதம், நாள். கணக்கிலும் பத்திரத்திலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் என்பதால் அவற்றுக்கு ஒரே சுழி. வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. கல்வெட்டுகளிலும் ஆண்டு, நாள், நெல் போன்றவற்றுக்கு இப்படிக் குறிகள் உண்டு. யானைக்குச் சுழி கிடையாது. எழுதுகிறவன் வருஷத்துக்கு எத்தனை தடவை யானை என்று எழுதப்போகிறான்?

தபால் இலாகாவும் இதைச் செய்தது. வாழ்த்துத் தந்திக்கு வாசகங்களையெல்லாம் எண் போட்டு வைத்திருந்தார்கள். நீங்கள் எண்ணைக் கொடுத்தால் போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தாகப் போய் இறங்கும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது அந்த எண்களும் போயின.

ஆனால் 'குட்டை எவ்வளவு குட்டை, நெட்டை எவ்வளவு நெட்டை, இதைவிடச் சிக்கனமாக முடியவே முடியாதா?' என்ற கேள்விக்குக் கணக்குப்பூர்வமாகப் பதில் சொன்னவர் ஒரு மாணவர். டேவிட் ஹஃப்மேன். 1951, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் வகுப்பில் ஒரு சலுகை கொடுத்தார். பரீட்சை எழுதலாம், இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கண்டு கட்டுரை எழுதலாம். பரீட்சைக்குப் பயந்து ஹஃப்மேன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். ஃபானோவே அந்தக் கணக்கோடு முட்டி மோதியிருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, சரி, பரீட்சைக்கே படித்துவிடலாம் என்று குறிப்புகளைக் குப்பைக்கூடையில் போடப்போன சமயத்தில் விடை தோன்றியது. மேலிருந்து பிரிக்காமல், மிக அரிதான இரண்டைக் கீழிருந்து சேர்த்துக்கொண்டே வர வேண்டும். 1952-ல் கட்டுரை வெளிவந்தது. அதற்கு அவர் பேடன்ட் வாங்கவில்லை.

1980-ல் ஐ.நா. சபையின் தொலைத்தொடர்பு அமைப்பைச் சேர்ந்த சி.சி.ஐ.டி.டி. என்ற குழு, உலகத்து ஃபாக்ஸ் மெஷின்களெல்லாம் ஒரே பாஷை பேச வேண்டும் என்று 'குரூப் 3' என்ற விதியைக் கொண்டுவந்தது. ஹஃப்மேன் முறையைச் சற்று மாற்றி அதில் வைத்தார்கள். அந்தக் குறியீட்டுப் பட்டியலில் ஓர் அழகு உண்டு. கறுப்பு 2 என்பதற்கு '11'. கறுப்பு 3 என்பதற்கு '10'. பட்டியலிலேயே மிகக் குட்டையானவை இந்த இரண்டும்தான். ஏன் 2-ம் 3-ம்? மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி வைக்கும் மெஷினுக்கு, அச்செழுத்தின் ஒரு கோட்டுத் தடிமன் இரண்டு மூன்று புள்ளிதான். பேனாவின் மொத்தம் அந்தப் பட்டியலுக்குள் புகுந்துவிட்டது. வெறும் வெள்ளை வரி 17 பிட்டில் முடிகிறது. வரி முடிந்தது என்று சொல்லும் 12 பிட்டையும் சேர்த்தால் 29. 1,728 பதில்களுக்குப் பதிலாக 29!

எது அடிக்கடி வரும், எது அரிது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். எட்டு மாதிரிக் காகிதங்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஓர் ஆங்கில வியாபாரக் கடிதம், கையால் வரைந்த ஒரு சர்க்யூட் படம், ஒரு பிரெஞ்சு இன்வாய்ஸ், நெருக்கமாக டைப் அடித்த ஒரு பிரெஞ்சுப் பக்கம், ஒரு பிரெஞ்சுத் தொழில்நுட்பக் கட்டுரை, ஒரு வரைபடம், ஒரு ஜப்பானியப் பக்கம், கையால் எழுதிய ஒரு குறிப்பு. எட்டே எட்டுதான். இதில் தமிழ் இல்லை. இந்திய எழுத்து ஒன்றுகூட இல்லை.

அதனால் நமக்கு நஷ்டமா? கொஞ்சம். திருவண்ணாமலை என்றே எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு ண், அடுத்து ஒரு ணா. ஆங்கில எல் எழுத்தைக் குறுக்கே வெட்டினால் ஒரு கோடுதான் தட்டுப்படும். ண-வைக் குறுக்கே வெட்டினால் நாலைந்து. ஒவ்வொரு கோட்டுக்கும் கறுப்பு ஓர் எண், அடுத்த இடைவெளிக்கு வெள்ளை ஓர் எண். ஆக, நம் எழுத்து நிறைந்த பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனால் போகும், பிழையில்லாமல் போகும். பட்டியல் எண்ணுவது நீளத்தை மட்டும்தான், பாஷையை அல்ல.

மைப்படியை அனுப்பினால்தான் வேடிக்கை. அங்கே கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருக்கின்றன. சாதாரணக் காகிதத்தில் வெள்ளை 20, கறுப்பு 3 என்பதற்கு 7-ம் 2-ம் சேர்ந்து 9 பிட். மைப்படியில் அதுவே கறுப்பு 20, வெள்ளை 3. அதற்கு 11-ம் 4-ம், ஆக 15 பிட். அதே 23 புள்ளிதான், ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவு. இதுபோக, கல்லின் சொரசொரப்பு ஒவ்வொன்றும் ஒரு பொட்டாக விழும். ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரு கறுப்புப் பொட்டு என்று மாறி மாறி வந்தால் இரண்டு புள்ளிக்கு 9 பிட். சுருக்கப் போய் நாலரை மடங்கு பெருத்துவிடும்! வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்து என்று எதிர்பார்த்துச் செய்த சிக்கனம், அந்த எதிர்பார்ப்பு பொய்த்தால் ஊதாரித்தனமாகிவிடுகிறது.

இனி தலைப்புக்கு வருகிறேன். வரிக்குள் சுருக்கியாகிவிட்டது. வரிக்கு வரி?

கணக்கு நோட்டில் ஒரே ஆசாமி பத்துத் தடவை அரிசி வாங்கினால், முதல் வரியில் பேர், ஊர், தகப்பனார் பேர் எல்லாம் எழுதிவிட்டு, அடுத்த ஒன்பது வரியிலும் ௸ என்று ஒரு சுழி போடுவார்கள். மேற்படி. மேலே உள்ள படியே. மேற்படியார், மேற்படி சொத்து, மேற்படி தேதி என்று நம் பத்திரங்கள் முழுக்க இதுதான். (கோயில் கல்வெட்டில் ராஜாவின் மெய்க்கீர்த்திக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ராஜராஜன் பெருமையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். ராஜாவுக்கு மேற்படி போட எந்தக் கல்தச்சனுக்குத் தைரியம் வரும்?)

ஜப்பான்காரர்கள் கொடுத்த யோசனையில் பிறந்த 'ரீட்' முறை இந்த மேற்படிதான். எழுத்தில் ஒரு வரிக்கும் அதற்கு அடுத்த வரிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கோடு நேராக இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று மறுபடி அளக்க வேண்டாம். மேலே தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே என்றால் '1', ஒரே ஒரு பிட். ஒரு புள்ளி வலமோ இடமோ தள்ளியிருந்தால் மூன்று பிட். நம் ப இதற்காகவே செய்த எழுத்து. இரண்டு காலும் நேராக இறங்கி, கீழே ஒரு தரை. ண-தான் வளைந்து வளைந்து காசு கேட்கும்.

ஆனால் மேற்படியில் ஓர் ஆபத்து உண்டு. முதல் வரியில் எலி கடித்துவிட்டால் கீழே உள்ள அத்தனை ௸-க்கும் அர்த்தம் போய்விடும். போன் லைனில் ஒரு கரகரப்பு வந்தால் அதே கதி. தப்பான வரியைப் பார்த்து அடுத்த வரி, அதைப் பார்த்து அதற்கடுத்த வரி என்று பக்கம் முழுக்கச் சரிந்துவிடும். ஆகவே குரூப் 3 ஒரு கட்டுப்பாடு வைத்தது. சாதாரணத் தரத்தில் ஒரு வரி முழுதாக, அடுத்தது மட்டும் மேற்படி. நுண் தரத்தில் ஒரு வரி முழுதாக, மூன்று வரி மேற்படி. பிறகு மறுபடி முழுதாக எழுது. சிக்கனத்துக்கும் ஜாக்கிரதைக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம்.

1984-ல் வந்த 'குரூப் 4' அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எல்லா வரியும் மேற்படி. முதல் வரிக்கு மேலே ஒரு வெள்ளை வரி இருப்பதாகக் கற்பனை செய்துகொள் என்றது. வெள்ளைக்குக் கீழே வெள்ளை வரி என்றால் 1,728 புள்ளிக்கும் சேர்த்து ஒரே பிட்! கரகரப்பே இல்லாத டிஜிட்டல் லைனுக்காகச் செய்தது. குரூப் 4 ஃபாக்ஸ் மெஷின் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆனால் அதன் உயிர் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. டிஃப், பி.டி.எஃப். கோப்புகளில் கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்க இன்றும் இந்த முறை உபயோகத்தில் இருக்கிறது. மஞ்சள் போர்டு போய்விட்டது, அந்த கர்ர் சத்தம் போய்விட்டது, கணக்கு மட்டும் போகவில்லை.

சரி, இத்தனை சுருக்கினால் எதுவும் தொலையாதா? இந்த முறைகளில் சுருக்குவதால் ஒரு புள்ளிகூடத் தொலையாது. விரித்தால் அதே 20 லட்சமும் திரும்ப வரும். தொலைவது அதற்கு முன்னாலேயே. ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெளுப்பா என்று கேட்டோமே, அங்கே. சாம்பல் என்ற பதிலுக்கு இடமில்லை. மங்கின பென்சில் எழுத்து வெள்ளையாகிவிடும், டீக்கறை கறுப்பாகிவிடும். தமிழில் இன்னொரு சங்கடம். சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு நாலு வரிகூட இல்லை. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள மெய்யெழுத்துப் புள்ளிக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம். புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். பெரும்பாலான சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளியே வைப்பதில்லை. ஆனால் அங்கே வாசிக்கும் மனிதன், இங்கே புள்ளி வரவேண்டும் என்று இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது ஃபாக்ஸின் நல்ல குணம். அது எழுத்தை ஊகிக்காது.

ஊகித்த மெஷினின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000-த்தில் 'ஜேபிக் 2' என்று ஒரு முறை வந்தது. பக்கத்தில் ஒரே மாதிரி உருவங்களைத் தேடிப் பிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் 'மேற்படி' போடும். யோசனை பிரமாதம். ஒரே மாதிரி என்று மெஷின் நினைப்பது நிஜமாகவே ஒரே மாதிரிதானா என்பதுதான் கேள்வி. 2013-ல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி விஞ்ஞானி ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனியின் மெஷினில் ஸ்கேன் செய்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றும் 14.13! கலங்கவில்லை, மங்கவில்லை. பளிச்சென்று, அழகாக, தப்பாக. வேறு பக்கங்களில் 6 என்பது 8 ஆனது. கம்பெனி பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

ஃபாக்ஸில் எண் தேய்ந்தால் அது தேய்ந்ததாகவே தெரியும். அனுப்பினவரைக் கூப்பிட்டு 'சார், அது ஆறா எட்டா?' என்று கேட்போம். இங்கே கேட்கவே தோன்றாது. சுத்தமாக இருக்கும் தப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

இதைக் கோயில் சுவரில் வைத்துப் பாருங்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய வழக்கமாக 96 ஆடு கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். தனித்தனி ஆடு செத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த நெய் நிற்கவே கூடாது என்பது ஏற்பாடு. அந்த எண் மாறினால் விளக்கின் கணக்கே மாறும். நிலத்தின் எல்லை ஒரு குழி மாறினால் இன்றும் கோர்ட் வரை போகும்.

இது பழங்கதையும் இல்லை. மைசூரில் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் இருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பழைய மைப்படிகளை ஸ்கேன் செய்யும் வேலையும் நடக்கிறது. அந்தக் காகிதங்கள் நொறுங்கக்கூடியவை, ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் எப்படி? மை மங்கிய இடத்தையும் கல்லின் விரிசலையும் பிரித்துச் சொல்ல அந்தச் சாம்பல் வேண்டும். கறுப்பா வெளுப்பா என்ற அவசரக் கேள்வி அங்கே உதவாது. அச்சிட்ட பக்கத்துக்கு ஃபாக்ஸின் சிக்கனம் தாராளமாகப் போதும். மைப்படிக்குப் போதாது. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்பது மெஷின் எடுக்கும் முடிவு அல்ல. வெயிலில் நின்று காகிதத்தை அடித்துப் படியெடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது.

நம் வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பத்திரப் பதிவு ஆபீஸில் கையால் நகல் எழுதிக் கொடுத்த காலத்தில் கடைசியில் ஒரு கையெழுத்து போதாது. நகல் எடுத்தவர் ஒருவர், மூலத்தோடு ஒப்பிட்டவர் ஒருவர் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டாவது ஆள் எதற்கு, சம்பளத் தண்டம் என்று தோன்றும். இன்றைக்கு அந்த இரண்டாவது ஆள் ரிட்டயராகிவிட்டார், அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆகவே அடுத்த தடவை தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கடையில் ஸ்கேன் செய்து பையனுக்கு அனுப்பும்போது, பொத்தானை அமுக்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். சர்வே நம்பர், பரப்பு, நாலு பக்க எல்லை, இவை மூன்றையும் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.